லெட் செப்பலின் இசைத்தட்டுச் சேகரிப்பு: முதல் அச்சும் மூலவர் பெயரும்

லெட் செப்பலின் (1968–1980) பிரிட்டனைச் சேர்ந்த புளூஸ் ராக் இசைக்குழு. இக்குழுவின் வினைல் இசைத்தட்டுகள், குறிப்பாக 1969 முதல் 1979 வரை வெளிவந்த எட்டு ஸ்டுடியோ ஆல்பங்களின் முதல் அச்சுகள், உலகெங்கும் சேகரிப்பாளர்களால் தேடி வாங்கப்படுகின்றன. ஒரு தட்டின் மதிப்பை அதன் உறையின் எழுத்து நிறம், லேபிளின் வண்ணம், தட்டின் உட்புறத்தில் கீறப்பட்ட எண்கள், தேய்மானத்தின் அளவு ஆகியவை தீர்மானிக்கின்றன. அதே லேபிளில் பாடல் தலைப்புக்குக் கீழே சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் பாடலாசிரியர் பெயருக்குச் சந்தையில் விலை இல்லை. ஆனால் இக்குழுவின் இசை எங்கிருந்து வந்தது, யாருக்கு உரிமைத்தொகை சென்றது, யாருக்குச் செல்லவில்லை என்பதை அந்தப் பெயர்களே பதிவு செய்கின்றன. பல பாடல்களில் அப்பெயர்கள் காலப்போக்கில் மாறின. ஆகவே இச்சேகரிப்பை மதிப்பிடும்போது, விலைப்பட்டியல் கணக்கில் கொள்ளாத இந்த வரியையும் சேர்த்தே பார்க்க வேண்டியுள்ளது.

குழுவும் அதன் வேர்களும்

ஜிம்மி பேஜ் (கிதார்), ராபர்ட் பிளாண்ட் (குரல்), ஜான் பால் ஜோன்ஸ் (பேஸ் கிதார், விசைப்பலகை), ஜான் பான்ஹம் (டிரம்ஸ்) ஆகிய நால்வர் கொண்டது லெட் செப்பலின். பேஜ் அதற்கு முன் யார்ட்பேர்ட்ஸ் குழுவில் இருந்தார். அக்குழு கலைந்தபோது எஞ்சியிருந்த நிகழ்ச்சி ஒப்பந்தங்களை நிறைவேற்றப் புதிய உறுப்பினர்களைச் சேர்த்தார். அதிலிருந்து இக்குழு உருவானது. 1980 செப்டம்பரில் பான்ஹம் மறைந்ததை அடுத்து, அவ்வாண்டு டிசம்பரில் குழு தன் செயல்பாட்டை முடித்துக்கொண்டது.

1960-களின் பிரிட்டிஷ் இளைஞர்கள் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் புளூஸ் இசையைப் பெரும்பாலும் இசைத்தட்டுகள் வழியாகவே கற்றனர். சிகாகோவின் செஸ் நிறுவனம் வெளியிட்ட மடி வாட்டர்ஸ், ஹௌலிங் வுல்ஃப், சன்னி பாய் வில்லியம்சன் ஆகியோரின் தட்டுகள் கடல் கடந்து வந்தன. அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டே ஒரு தலைமுறை கிதார் பயின்றது. லெட் செப்பலின் தட்டுகளை இன்று சேகரிப்பவர், வேறு தட்டுகளைச் சேகரித்துக் கேட்டவர்கள் உருவாக்கிய இசையையே சேகரிக்கிறார்.

சேகரிப்பின் அளவுகோல்கள்

முதல் ஆல்பம் 1968-ல் லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் பதிவு செய்யப்பட்டு 1969 ஜனவரியில் அமெரிக்காவிலும் மார்ச்சில் பிரிட்டனிலும் வெளிவந்தது. 1937-ல் ஹிண்டன்பர்க் வான்கப்பல் தீப்பற்றிய புகைப்படத்தை ஜார்ஜ் ஹார்டி புள்ளிகளால் ஆன சித்திரமாக மாற்றி அதன் உறையை வடிவமைத்தார். பிரிட்டனில் முதலில் அச்சான உறைகளில் குழுவின் பெயர் நீலப்பச்சை நிறத்தில் இருந்தது. விரைவிலேயே அது செம்மஞ்சளாக மாற்றப்பட்டது. இரண்டு தட்டுகளிலும் இருப்பது ஒரே இசைதான். ஆயினும் நல்ல நிலையில் உள்ள நீலப்பச்சை உறைத் தட்டு நூற்றுக்கணக்கான பவுண்டுகளுக்கு விற்பனையாகிறது. செம்மஞ்சள் உறைக்கு அதில் சிறு பங்கே கிடைக்கிறது.

1969 அக்டோபரில் வந்த இரண்டாவது ஆல்பத்தின் அளவுகோல் வேறு. அதற்கு இசை சார்ந்த காரணம் உண்டு. வினைல் தட்டு தயாரிப்பில் முதலில் ஒலிநாடாவிலிருந்து லாக்கர் பூசிய தட்டில் பள்ளம் வெட்டப்படுகிறது. அதிலிருந்து உலோகப் பிரதிகளும், அவற்றிலிருந்து அச்சு வார்ப்புகளும் எடுக்கப்படுகின்றன. பள்ளத்தை எவ்வளவு அகலமாக வெட்டுவது, பேஸ் ஒலியை எவ்வளவு அனுமதிப்பது என்பதை வெட்டும் பொறியாளர் முடிவு செய்கிறார். இந்த ஆல்பத்தின் அமெரிக்கப் பதிப்பை வெட்டிய பாப் லட்விக், ஒலியின் வீச்சைக் குறைக்காமல் வெட்டினார். அட்லாண்டிக் நிறுவனத் தலைவர் அகமத் எர்டெகனின் மகளிடம் இருந்த மலிவான இசைப்பெட்டியில் அந்தத் தட்டின் முள் துள்ளியதாகவும், அதனால் ஆல்பம் ஒலி குறைத்து மறுபடி வெட்டப்பட்டதாகவும் லட்விக் கூறியிருக்கிறார். முதலில் வெட்டப்பட்ட தட்டுகளின் உள்வளையத்தில், இசை முடிந்தபின் வரும் வழுவழுப்பான பகுதியில், அவரது பெயரின் முதலெழுத்துகளான ‘ஆர்.எல்.’ கீறப்பட்டிருக்கும். சேகரிப்பாளர்கள் தட்டை விளக்கொளியில் சாய்த்துப் பார்ப்பது இந்த எழுத்துகளுக்காகத்தான். பள்ளத்தின் ஆழமும் அகலமும் காதுக்குத் தெரியும் வேறுபாட்டைத் தருவதால் இத்தேடல் வெறும் ஆசை அல்ல.

மூன்றாவது ஆல்பத்தின் (1970) உறையை ஸாக்ரன் வடிவமைத்தார். உறைக்குள் சுழலும் அட்டைச் சக்கரம் ஒன்று உண்டு. அதைத் திருப்பினால் முகப்பின் துளைகளில் படங்கள் மாறும். 1975-ல் வந்த ‘ஃபிசிக்கல் கிராஃபிட்டி’ உறையில் நியூயார்க் கட்டடம் ஒன்றின் சன்னல்கள் வெட்டப்பட்டிருந்தன. 1979-ல் வந்த ‘இன் த்ரூ தி அவுட் டோர்’ ஆறு வெவ்வேறு உறைகளில் வந்தது. ஒவ்வொன்றும் பழுப்புக் காகிதப் பையில் மூடப்பட்டிருந்ததால் எந்த உறை உள்ளே இருக்கிறது என்பது வாங்கும்போது தெரியாது. உள்ளுறைச் சித்திரத்தை ஈரத் துணியால் துடைத்தால் நிறம் தோன்றும். சேகரிப்பவரின் ஆவலை இக்குழுவும் அதன் வடிவமைப்பாளர்களும் அறிந்தே வளர்த்தனர் என்பதற்கு இந்த உறைகள் சான்று. சக்கரத்தைச் சுழற்றினால் தேயும், உள்ளுறையைத் துடைத்தால் மதிப்புக் குறையும். ஆகவே விளையாடுவதற்கென்று செய்யப்பட்ட உறைகளில் விளையாடப்படாதவையே இன்று விலை கூடியவை.

லேபிளில் உள்ள பெயர்கள்

பாடலாசிரியர் பெயர் என்பது மரியாதைக் குறிப்பு மட்டுமல்ல. தட்டு விற்கும்போதும் பாடல் வானொலியில் ஒலிக்கும்போதும் உரிமைத்தொகை அந்தப் பெயரின் வழியாகவே செல்கிறது. லெட் செப்பலின் தட்டுகளில் இப்பெயர்கள் ஒரே சீராக இல்லை.

முதல் ஆல்பத்தில் ‘யூ ஷுக் மீ’, ‘ஐ கான்ட் குவிட் யூ பேபி’ ஆகிய இரண்டும் சிகாகோ புளூஸ் கலைஞர் வில்லி டிக்சன் பெயரில் முறையாகவே அச்சாயின. அதே ஆல்பத்தில் உள்ள ‘டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்டு’ ஜிம்மி பேஜ் பெயரில் வந்தது. ஆனால் அமெரிக்கப் பாடகர் ஜேக் ஹோம்ஸ் 1967-ல் அதே தலைப்பில் ஒரு பாடலை வெளியிட்டிருந்தார். அவ்வாண்டு நியூயார்க்கில் யார்ட்பேர்ட்ஸ் நிகழ்ச்சிக்கு முன் அவர் மேடையேறியும் இருந்தார். ஹோம்ஸ் 2010-ல் வழக்குத் தொடர்ந்தார். உடன்பாடு ஏற்பட்டபின், 2012-ல் வந்த ‘செலிப்ரேஷன் டே’ பதிவில், ஹோம்ஸின் தூண்டுதலில் பேஜ் எழுதியது என்று குறிக்கப்பட்டது.

‘பேப் ஐம் கோனா லீவ் யூ’ மரபுப் பாடல் என்றும், இசையமைத்தவர் பேஜ் என்றும் அச்சாயிற்று. உண்மையில் அதை 1950-களில் எழுதியவர் ஆன் பிரெடன். ஜோன் பேயஸ் 1962-ல் வெளியிட்ட ஆல்பத்தின் வழியாக அது இங்கிலாந்துக்கு வந்தது. தன் பாடலை லெட் செப்பலின் பாடியிருப்பதை பிரெடன் 1980-களில்தான் அறிந்தார். 1990 முதல் அவர் பெயர் சேர்க்கப்பட்டது, பழைய உரிமைத்தொகையும் வழங்கப்பட்டது.

இரண்டாவது ஆல்பத்தின் நிலை மேலும் சிக்கலானது. ‘தி லெமன் சாங்’ ஹௌலிங் வுல்ஃப் 1964-ல் பதிவு செய்த ‘கில்லிங் ஃப்ளோர்’ பாடலை அடித்தளமாகக் கொண்டது. வுல்ஃபின் இயற்பெயர் செஸ்டர் பர்னெட். முதலில் பாடல் குழுவின் பெயரிலேயே வந்தது. 1972-ல் வுல்ஃபின் பாடல் உரிமையை வைத்திருந்த ஆர்க் மியூசிக் வழக்குத் தொடர்ந்தது. நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாடு ஏற்பட்டு, பின்வந்த பதிப்புகளில் பர்னெட் பெயர் சேர்ந்தது. பிரிட்டனில் அச்சான சில தட்டுகளின் லேபிளில் பாடலின் தலைப்பே ‘கில்லிங் ஃப்ளோர்’ என்றும், ஆசிரியர் செஸ்டர் பர்னெட் என்றும் உள்ளது.

ஆல்பத்தின் முதல் பாடலான ‘ஹோல் லாட்டா லவ்’, டிக்சன் எழுதி மடி வாட்டர்ஸ் 1962-ல் பாடிய ‘யூ நீட் லவ்’ பாடலின் வரிகளிலிருந்து எடுத்துக்கொண்டது. டிக்சன் 1985-ல் வழக்குத் தொடர்ந்தார். 1987-ல் உடன்பாடு ஏற்பட்டது. பின்னாளைய பதிப்புகளில் அவர் பெயர் உள்ளது. புளூஸ் கலைஞர்களுக்கு அவர்களின் பதிப்புரிமையையும் உரிமைத்தொகையையும் பெற்றுத்தருவதற்கென டிக்சன் நிறுவிய புளூஸ் ஹெவன் அறக்கட்டளை இன்று சிகாகோவில் செஸ் நிறுவனத்தின் பழைய கட்டடத்தில் இயங்குகிறது.

மூன்றாவது ஆல்பத்தின் கடைசிப் பாடலான ‘ஹேட்ஸ் ஆஃப் டு ராய் ஹார்ப்பர்’ புக்கா வைட் 1937-ல் பதிவு செய்த ஒரு புளூஸ் பாடலை ஒட்டியது. லேபிளில் அது மரபுப் பாடல் எனக் குறிக்கப்பட்டு, இசையமைத்தவர் சார்லஸ் அப்ஸ்க்யூர் என்று உள்ளது. அப்படி ஒருவர் இல்லை. ‘அறியப்படாதவர்’ என்று பொருள்படும் வேடிக்கைப் பெயர் அது. புக்கா வைட் அப்போது உயிருடன் இருந்தார், 1960-களில் மீண்டும் கண்டறியப்பட்டு மேடைகளில் பாடிக்கொண்டும் இருந்தார். தட்டில் இடம்பெற்ற பெயர் அவருடையதல்ல.

இதற்கு மாறான சான்றுகளும் உண்டு. 1971-ல் வந்த நான்காவது ஆல்பத்தின் உறையில் குழுவின் பெயரோ தலைப்போ இல்லை. ஆனால் உள்ளே ‘வென் தி லெவீ பிரேக்ஸ்’ பாடலுக்குக் குழுவினர் நால்வருடன் மெம்ஃபிஸ் மின்னியின் பெயரும் சேர்க்கப்பட்டிருந்தது. 1927-ல் மிசிசிப்பி ஆற்றில் வந்த பெருவெள்ளத்தைப் பற்றி கன்சாஸ் ஜோ மெக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் 1929-ல் பதிவு செய்த பாடல் அது. ‘ஃபிசிக்கல் கிராஃபிட்டி’யில் உள்ள ‘பூகி வித் ஸ்டு’ பாடலுக்கு, இளம் வயதில் விமான விபத்தில் இறந்த ரிச்சி வேலன்சின் தாயார் பெயர் ‘திருமதி வேலன்ஸ்’ என்று சேர்க்கப்பட்டது. மகனின் பாடல்களுக்கான தொகை அவருக்கு வந்துசேரவில்லை என்று கேள்விப்பட்டு அவ்வாறு செய்ததாக பேஜ் கூறியிருக்கிறார். உரிய பெயரை இடவேண்டும் என்பது இக்குழு அறியாததல்ல என்பதையே இவை காட்டுகின்றன. அதனால்தான் பெயர் விடுபட்ட இடங்கள் கூடுதலாக உறுத்துகின்றன.

முதல் அச்சின் முரண்

சேகரிப்பின் தலையாய விதி முதல் அச்சுக்கு முதலிடம் என்பது. முதல் அச்சு ஒலிநாடாவுக்கு மிக அருகில் இருப்பது, வார்ப்புகள் தேயாத நிலையில் அச்சானது, கலைஞர் வாழ்ந்த காலத்தைச் சேர்ந்தது என்று அதற்குக் காரணம் சொல்லப்படுகிறது. இக்காரணங்கள் ஒலியைப் பொறுத்தவரை சரியானவை. பாடலாசிரியர் பெயரைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழாகிறது. மேலே கூறிய பாடல்களில் பலவற்றின் முதல் அச்சு விடுபட்ட பெயருடன் வந்தது, பிற்கால மலிவான அச்சு திருத்தப்பட்ட பெயருடன் வந்தது. அதாவது சந்தையில் விலை ஏற ஏற லேபிளின் உண்மை குறைகிறது. ‘ஆர்.எல்.’ எழுத்துகள் கொண்ட தட்டு இந்த ஆல்பத்தின் சிறந்த ஒலியையும், டிக்சன், பர்னெட் இருவரும் இல்லாத லேபிளையும் ஒருங்கே கொண்டது.

லேபிளையும் உறையையும் ஐயமின்றி நம்ப முடியாது என்பதற்கு முதல் ஆல்பத்திலேயே மேலும் இரு சான்றுகள் உள்ளன. ராபர்ட் பிளாண்டின் பெயர் அதில் எந்தப் பாடலுக்கும் ஆசிரியராக இல்லை. வேறொரு நிறுவனத்துடன் அவருக்கு இருந்த பழைய ஒப்பந்தமே காரணம். எட்டு நிமிடத்துக்கு மேல் நீளும் ‘ஹௌ மெனி மோர் டைம்ஸ்’ பாடலின் நேரம் உறையில் 3:30 என்று அச்சிடப்பட்டது. நீண்ட பாடல்களைத் தவிர்க்கும் வானொலி நிலையங்களை ஏமாற்றுவதற்காகச் செய்யப்பட்டது அது. உறையின் நிற வேறுபாட்டை நுணுகி ஆராயும் வாசிப்பு இந்த விவரங்களையும் அதே கவனத்துடன் ஆராய்ந்தால்தான் முழுமை பெறும்.

மறுதரப்பு

இந்தக் குற்றச்சாட்டுக்கு வலுவான மறுப்புகள் உள்ளன. முதலாவது, புளூஸ் இசையே கைமாறி வளர்ந்தது. ஒரு வரி, ஒரு மெட்டு, ஒரு கிதார்ச் சுழற்சி ஆகியவை பாடகருக்குப் பாடகர் நகர்ந்தன. டிக்சன் பெயரில் உள்ள ‘யூ ஷுக் மீ’ பாடலை மடி வாட்டர்ஸ் 1962-ல் பாடியது, ஏர்ல் ஹூக்கர் ஏற்கெனவே வாசித்திருந்த கிதார்ப் பதிவின் மேல்தான். ஹூக்கரின் பெயர் பாடலாசிரியர் வரியில் இல்லை. ஆகவே திருத்தப்பட்ட லேபிளும் முழு உண்மையைச் சொல்வதில்லை.

இரண்டாவது, பெயர் இருந்தால் பணம் சென்றது என்று கொள்ள முடியாது. உரிமை பெரும்பாலும் பதிப்பக நிறுவனங்களின் கையில் இருந்தது. செஸ் நிறுவனத்துடன் தொடர்புடைய ஆர்க் மியூசிக்கின் மீது டிக்சனும் மடி வாட்டர்சும் 1970-களில் தாங்களே வழக்குத் தொடர வேண்டியிருந்தது. கலைஞரிடமிருந்து விலகிச் சென்ற பணத்துக்கு இங்கிலாந்துக் குழு மட்டும் பொறுப்பல்ல.

மூன்றாவது, எல்லாக் குற்றச்சாட்டுகளும் நிற்பதில்லை. ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ பாடலின் தொடக்கம் ஸ்பிரிட் குழுவின் ‘டாரஸ்’ இசையிலிருந்து எடுக்கப்பட்டது என்று 2014-ல் தொடரப்பட்ட வழக்கில் 2016-ல் நடுவர் குழு லெட் செப்பலினுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இம்மறுப்புகள் ஒவ்வொன்றும் கருதத்தக்கவை. ஆயினும் கைமாறி வளரும் மரபில், எடுத்துக்கொண்டவர் அதைத் தன் பெயரில் பதிவு செய்வது வழக்கமான கைமாற்றம் அல்ல. ஊர்ப்புறத்தில் பாடப்பட்ட பாட்டு பொதுவில் இருந்தவரை யாரும் உரிமை கோரவில்லை. லட்சக்கணக்கில் விற்கும் தட்டில் ‘பேஜ், பிளாண்ட்’ என்று அச்சிட்டவுடன் அது பொதுச்சொத்து என்ற வாதம் வலுவிழக்கிறது. மேலும், இக்குழுவின் படைப்பாற்றலைக் குறைத்துக் காட்டாமலே இதைச் சொல்ல முடியும். ‘வென் தி லெவீ பிரேக்ஸ்’ பாடலுக்கு ஹெட்லி கிரேஞ்ச் மாளிகையின் மாடிப்படிக் கூடத்தில் டிரம்சை வைத்து, மேலிருந்து ஒலிவாங்கிகளைத் தொங்கவிட்டு ஆண்டி ஜான்ஸ் பதிவு செய்த ஓசை 1929-ன் பதிவில் இல்லாதது. அது முழுக்க இக்குழுவுடையது. மின்னியின் பெயரைச் சேர்த்ததால் அந்த ஓசை சிறிதும் குறையவில்லை.

மதிப்பீடு

லெட் செப்பலின் இசைத்தட்டுச் சேகரிப்பு மிக நுட்பமான ஆவண அறிவை உருவாக்கியுள்ளது. எந்த ஆலையில் எப்போது அச்சானது, எந்த எண்ணுக்கு எந்த லேபிள் என்பதையெல்லாம் ஊதியமின்றிப் பதிவு செய்தவர்கள் சேகரிப்பாளர்களே. 2000-ல் தொடங்கப்பட்ட டிஸ்காக்ஸ் போன்ற தரவுத்தளங்களில் ஒரே ஆல்பத்தின் நூற்றுக்கணக்கான அச்சுகள் தனித்தனியே விவரிக்கப்பட்டுள்ளன. ஒரு பாடலின் ஆசிரியர் பெயர் எந்த அச்சில் எப்படி இருந்தது என்பதை இன்று ஒரு மாணவர் ஒப்பிட்டு அறிய முடிவதும் இந்த உழைப்பால்தான். நிறுவனங்கள் இவ்வளவு விவரங்களைப் பொதுவில் தொகுத்து வைக்கவில்லை.

இச்சேகரிப்பின் குறை, அது தன் கையிலுள்ள ஆவணத்தைப் பாதியளவே வாசிக்கிறது என்பது. எழுத்தின் நிறத்துக்கு மதிப்புத் தருகிறது, எழுத்து சொல்வதற்குத் தருவதில்லை. ‘கில்லிங் ஃப்ளோர்’ என்று அச்சான பிரிட்டிஷ் தட்டு பெரும்பாலும் அச்சு வேறுபாடு என்ற கணக்கில் குறிப்பிடப்படுகிறது. ஒரு சிகாகோ பாடகரின் பெயர் அவருடைய பாடலுக்குத் திரும்பிய தட்டு என்ற கணக்கில் அது அரிதாகவே பேசப்படுகிறது.

பயனுள்ள ஒரு சேகரிப்பு ‘முதல் அச்சு’ வரிசையைவிடச் சிறியதாகவும் மலிவாகவும் இருக்கக்கூடும். இரண்டாவது ஆல்பத்தின் ஒரு தொடக்ககால அச்சு, டிக்சன் பெயர் கொண்ட பிற்கால அச்சு ஒன்று, பேஜ் மேற்பார்வையில் 2014-ல் வந்த மறுவெளியீடு, இவற்றுடன் மடி வாட்டர்ஸ், ஹௌலிங் வுல்ஃப் ஆகியோரின் செஸ் பதிவுகளின் தொகுப்பு ஒன்று ஆகியவை அடுத்தடுத்து இருந்தால், கேட்பவருக்கு இசையின் வழித்தடம் முழுதும் கிடைக்கிறது. சிகாகோவில் எது பாடப்பட்டது, லண்டனில் அது என்னவாயிற்று, அதில் புதிதாகச் சேர்ந்தது எது, கடனாக வந்தது எது என்பதைக் காதாலும் கண்ணாலும் சரிபார்க்கலாம். ஹௌலிங் வுல்ஃப் 1976-லும், வில்லி டிக்சன் 1992-லும் மறைந்தனர். தங்கள் பெயர் லேபிளில் ஏறுவதற்கு இருவர் தரப்பிலும் வழக்கு தேவைப்பட்டது. லெட் செப்பலினின் எந்த ஆல்பத்தின் எந்த அச்சைப் பற்றி எழுதினாலும், நிறத்தையும் எண்ணையும் குறிப்பது போலவே பாடலாசிரியர் வரியையும் குறிப்பது இச்சேகரிப்பு மேற்கொள்ளக்கூடிய எளிய திருத்தம்.